கைப்பிடி வைத்த கட்டில்

பெட்டிக்காரர் செய்த சவப்பெட்டிகள் மூடும்போது சத்தம் போடாது. மூடியின் உள்விளிம்பு நெடுகக் கம்பளித் துண்டை ஒட்டிவிடுவார். யாரும் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய அக்காவைக் கட்டிய சலவை வண்டிக்காரர்தான், ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கிழிந்த கம்பளிகளை வருடக்கணக்கில் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் வார்னிஷ் துடைக்கக் கேட்கிறார் என்றே நினைத்திருந்தார். தன் தாயாரை அடக்கம் செய்த அன்றுதான் விஷயம் புரிந்தது. மூடி இறங்கியதும் வரப்போகிற அந்த 'டொக்'குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சத்தம் வரவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், மச்சான் ஒன்றும் அறியாதவர்போல மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கை இப்படி என்றால் வாய் வேறு மாதிரி. யாராவது இருமினால் போதும், பெட்டிக்காரர் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னும் நாள் இருக்கு, போங்க" என்பார். அப்படிச் சொன்ன புண்ணியவானே கடைசியில் போய்ச் சேர்ந்தபோது, அவருக்குப் பெட்டி வெளியூரிலிருந்து வந்தது. அது டொக்கென்று மூடிக்கொண்டது. அங்கே நின்ற கூட்டத்தில் வண்டிக்காரருக்கு மட்டும் அது நெஞ்சில் இடித்தது. அது கிடக்கட்டும். இது அதற்கு முன்னால் நடந்தது.

வண்டிக்காரருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. அவர் ஓட்டித் தேய்த்த பழைய வேனைக் கம்பெனி அவருக்கே கொடுத்துவிட்டது. கொடுத்து என்ன? சரக்கு வண்டி ஓட்டுகிற லைசென்ஸ் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அந்த வயதுக்குமேல் புதுப்பிக்க மாட்டார்கள். சொந்த உபயோகத்து வண்டி என்றால் ஓட்டலாம். ஆகவே அந்த வேன் சரக்கு வண்டி என்பது மாறி, கேம்பர் என்று, அதாவது உள்ளேயே சமைத்துப் படுத்துப் போகிற வண்டி என்று பதிவாக வேண்டும். அப்படிப் பதிவானால்தான் இன்சூரன்ஸும் கிடைக்கும். இல்லாவிட்டால் விற்றுத் தொலைக்க வேண்டியதுதான். ஊரார் படுத்து எழுந்த விரிப்புகளையே சுமந்து காலம் போயிற்று. விரிப்பு வாசனையே இல்லாத பக்கமாகப் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த அம்மாவுக்கும் இஸ்திரி மேஜை முன்னால் நின்று நின்று கால் வீங்கியிருந்தது.

குடும்பத்தில் மரவேலை தெரிந்தவர் பெட்டிக்காரர் ஒருவர்தான். அவரும் அளவுநாடாவும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"அக்கா, இந்தப் பலகையில படு. அளவெடுக்கணும்."

அக்கா படுத்தாள். எதையும் மடித்தே வைக்கிற இஸ்திரிக்காரி பழக்கம், கையை மார்புமேல் மடித்து வைத்துக்கொண்டாள்.

"கையை இறக்கு தாயே. அப்படி வச்சா நான் வேற நினைப்புல வேலையை முடிச்சிடுவேன்."

"உன் வாயில கொள்ளிக்கட்டையை வைக்க."

"வை. அத்தான், நீங்களும் பக்கத்துல படுங்க. இப்ப சேர்த்து அளந்துட்டா பின்னால எனக்கு ஒரு வேலை மிச்சம்."

வேலை சுத்தமாக இருந்தது. அடுப்பு மேடை, மடக்கு மேஜை, அலமாரி எல்லாம் சுவரோடு சுவராக. கட்டிலோ, அடியில் சாமான் வைக்கிற நீளப் பெட்டி. மேல்பலகையைத் தூக்கினால் திறக்கும். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று என்று பளபளக்கும் பித்தளைக் கைப்பிடி.

"மச்சான், கட்டிலுக்கு எதுக்குய்யா கைப்பிடி?"

பெட்டிக்காரர் அப்போதுதான் அதைப் பார்த்தவர்போலத் தலையைச் சொறிந்தார். "கை தானாப் போட்டிருச்சு அத்தான். கைப்பிடி போடாம எதையும் முடிச்சுப் பழக்கமில்லை. அழகாத்தானே இருக்கு?"

"நான் அதுல படுக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"படுத்துப் பாரு. இதுவரைக்கும் என்கிட்ட வாங்கினவங்க யாரும் குறை சொன்னதில்லை."

வண்டிக்காரர் வண்டியின் படங்களை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கட்டில் படம் வந்ததும் அவள் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அமரர் ஊர்திக்குத் தனிப் பாலிசி இருக்கு சார். மாசத்துக்கு எத்தனை பேரை ஏத்துவீங்க?"

"ரெண்டு பேர்தாம்மா. நானும் என் வீட்டுக்காரியும்."

அவள் இன்னும் பரிவாகப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா சார்?"

விளக்கிச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் அவள், "வண்டியைச் சோதிக்கிற அதிகாரி கேம்பர்னு கையெழுத்துப் போட்டா அன்னிக்கே பாலிசி தர்றேன். இல்லேன்னா எனக்கு இது அந்த வண்டிதான்" என்று சொல்லி அனுப்பினாள்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. அக்கா கிடைத்த நேரமெல்லாம் பிரார்த்தனையில் இருந்தாள். சோதனை நாளில் மூவரும் வண்டியோடு போய் நின்றார்கள். அதிகாரி ஒல்லியான, சிரிக்காத மனிதர். டார்ச் அடித்துப் பார்த்தார். அடுப்பு, மேஜை, அலமாரி எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தார். கட்டிலிடம் வந்து நின்றார்.

"வண்டியோட பொருத்தினதுதான் கட்டில். தூக்கிட்டுப் போறதுக்குக் கைப்பிடி வச்சா அது சாமான். சாமான் ஏத்தினா சரக்கு வண்டி."

"போல்ட் போட்டிருக்கேன் சார். தூக்கிப் பாருங்க" என்றார் பெட்டிக்காரர்.

அதிகாரி ஒரு கைப்பிடியைப் பிடித்தார். வண்டிக்காரர் எதிர்ப்பக்கம் பிடித்தார். இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்ததில் வேனே ஸ்பிரிங்கில் ஏறி இறங்கியது. அலமாரிக்குள் தட்டுகள் குலுங்கின. கட்டில் அசையவில்லை.

"அசையலைதான். ஆனா பார்க்குறவங்களுக்கு இது தூக்குற பெட்டி. கைப்பிடி இருக்கிறவரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது."

வண்டிக்காரர் மச்சானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கும்பிடுதான் இருந்தது. பெட்டிக்காரர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பல் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பை தொங்கிப்போயிற்று. கடைசிக் கைப்பிடியிடம் வந்ததும் கை நின்றது.

"சார், இது ஒண்ணு இருக்கட்டும். அக்காவுக்குக் கால் வீக்கம். எழுந்திருக்கப் பிடிச்சுக்குவா. ஒத்தைக் கைப்பிடியைப் பிடிச்சு எந்த ஊர்லயும் யாரையும் தூக்கினதில்லை. என் தொழில் சார், நான் சொல்றேன்."

அதிகாரி அந்தக் கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே பார்ப்பதற்காக மேல்பலகையைத் தூக்கினார். போர்வை, பாத்திரம். பலகை கையிலிருந்து நழுவி விழுந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். சத்தமே இல்லை. அவர் மறுபடி தூக்கி வேண்டுமென்றே போட்டார். அப்போதும் இல்லை.

"ஏன் சத்தம் வரலை?"

"உள்ள தூங்குறவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு சார்."

"தூங்குறவங்க மேலதானே படுப்பாங்க?"

"அதுவும் பழக்கதோஷம் சார்."

அதிகாரியின் மீசை ஓரம் லேசாக ஆடியது. கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்சூரன்ஸ் பெண்ணும் சொன்ன சொல் தவறவில்லை. 'இரண்டு பேர், உறங்க மட்டும்' என்று தன் கையால் எழுதிக்கொடுத்தாள். வண்டிக்காரர் அன்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்.

கிளம்புகிற அன்று காலை, வண்டி பெட்டிக்காரரின் பட்டறை வாசலில் நின்றது. இழைப்புத் தூள் ஒட்டிய முழங்கையோடு அவர் வெளியே வந்தார். கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீயும் வாடா. மூணு பேரா நெருக்கிப் படுத்துக்கலாம்."

"பாலிசியில ரெண்டு பேருன்னு போட்டிருக்கு. நான் உள்பெட்டியிலதான் வரணும்."

அக்கா அடிக்கக் கை ஓங்கினாள். அவர் விலகி, டிரைவர் பக்கம் வந்தார். கழற்றிய ஐந்து கைப்பிடிகளும் சட்டைப்பையில் கலகலத்தன. வண்டிக்காரர் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, பல வருடமாக மனசில் வைத்திருந்த அந்தக் கம்பளி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார். அது வந்தபாடில்லை. "மச்சான், அம்மாவோட..." என்பதோடு நின்றுவிட்டது.

பெட்டிக்காரர் ஜன்னல் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். பிறகு கதவை இரண்டு தட்டுத் தட்டி வழிவிட்டார்.

"போயிட்டு மெதுவா வாங்க அத்தான். அவசரமே இல்லை. உங்க ரெண்டு பேரு அளவும் என்கிட்ட பத்திரமா இருக்கு."