கல்லறைத் திருநாளில் இழுத்த கயிறு

நம்பாதவர்கள் தூத்துக்குடிக்குப் போய் பர்னபாஸிடமே கேட்டுக்கொள்ளலாம். வாயைத் திறக்கமாட்டார். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

1973, நவம்பர் 2. கல்லறைத் திருநாள்.

சங்கு குளிக்கிறவனின் கயிற்றை மேலே தோணியில் அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். அது அந்தக் கடற்கரை வழக்கம். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான்? அப்படிப் பத்து வருஷம் இனிகோவின் கயிற்றைப் பிடித்தவர் பர்னபாஸ். பிறகு இனிகோ சரக்குத் தோணியில் வேலைக்குப் போனான். எழுபத்தொன்று யுத்தத்தில் அந்தத் தோணியில் குண்டு விழுந்தது. உடல் கிடைக்கவில்லை.

அன்று காலை தங்கை பிளாரன்ஸ் வந்தாள்.

"கோயில்ல இறந்தவங்க பேரு வாசிக்காங்க. அவிய பேரையும் குடுத்திருண்ணே."

"செத்தா கயிறு பிடிச்ச எனக்குத் தெரியாதா, ஏளா?"

"ரெண்டு வருசமா அந்தக் கயிறு ஒண்ணும் சொல்லலியே."

பர்னபாஸ் கோயிலுக்குப் போனார். இனிகோவின் பெயரை எழுதிக் கொடுத்தார். முதல் தடவையாக.

அவருக்குத் துறைமுகத்தில், கப்பல்காரர் விடுதியில் காவல் வேலை. மத்தியானம் ஒரு ஈ காக்கை இல்லை. முந்தின நாள் ஒரு வெளிநாட்டு மாலுமி ஓர் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போரில் செத்தவர்களுக்காக எழுதியதாம்.

மணி 2.40. விடுதி கிராமபோனில் தட்டைச் சுழல விட்டார்.

பாட்டு இல்லை. தாளம் இல்லை. ஐம்பது வயலின்கள் ஒரே சமயத்தில்... உச்சியில்... வீறிட்டன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. தண்ணீருக்குள் போவதுபோல. கயிறு பிடித்த நாட்களில் இனிகோ மூச்சடக்கும் நேரத்தை எண்ணியதுபோல, பர்னபாஸ் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தார். அறுபது... எழுபது...

டக். டக்.

வயலின் மரத்தைத் தட்டுகிறார்களோ?

வேலை அறையிலும் பிரியாமல் அவர் ஆணியில் மாட்டிவைத்திருந்த இனிகோவின் பழைய கயிறு அசைந்தது. காற்றே இல்லை. அதன் நுனி ஜன்னலுக்கு வெளியே, கடல் பக்கம் கிடந்தது.

யார் போட்டது?

கயிறு விறைத்தது. இரண்டு இழுப்பு. 'மேலே தூக்கு' என்று அர்த்தம்.

பிடித்தார். ஈரம்... ஆள் கனம்.

இழுத்தார். ஒரு முழம்... இரண்டு முழம்...

காலையில் எழுதிய பெயர் நினைவுக்கு வந்தது.

செத்தவன்.

கையை விட்டார்.

சரசரவென்று கயிறு ஜன்னல் தாண்டி ஓடியது.

மணி 2.48.

பத்தொன்பதாம் நாள் பிளாரன்ஸுக்கு ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஏதோ ஒரு கப்பல் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்து, இரண்டு வருஷமாகப் பேச்சும் நினைவும் இல்லாமல் கிடந்த இனிகோ, அக்டோபரில்தான் பெயரும் ஊரும் சொன்னானாம். தேறி வந்தானாம். நவம்பர் 2, மத்தியானம், கட்டிலில் படுத்தபடியே மூச்சு முட்டி இறந்திருக்கிறான்.

நுரையீரல் நிறையக் கடல் தண்ணீர்.

அந்த ஆஸ்பத்திரிக்கும் கடலுக்கும் நாற்பது மைல்.