என் வண்டியில் வந்த மூன்றாவது ஆள்

பாகூரிலிருந்து வில்லியனூர்ப் பக்கம் இருந்த எங்கள் கல்லூரிக்கு நானும் என் நண்பனும் ஒரே வண்டியில்தான் போவோம். வண்டி என் அப்பாவுடையது. ஓட்டுவது நான், பின்னால் உட்காருவது அவன். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவன் வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளி, பிறகு ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. வழி முழுக்க என் காதருகே வாயை வைத்துப் பேசிக்கொண்டே வருவான். பாதி வார்த்தைகளைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

இரண்டாம் வருடம் அவன் போனுக்குள் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வந்தது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு அணி. முகம் தெரியாதவர்களோடும் சேரலாம், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசியபடியே ஆடலாம். முதலில் என்னையும் சேர்த்துக்கொண்டான். என்னுடையது அக்கா கொடுத்த பழைய போன். சண்டை சூடு பிடிக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். நான் நடுத்தெருவில் மரம் மாதிரி நிற்பேன், எவனாவது வந்து சுட்டுவிட்டுப் போவான். என்னைக் காப்பாற்ற வந்து இவனும் சாவான். சில நாள் பொறுத்துப் பார்த்தான்.

"மச்சி, தப்பா நெனச்சிக்காத. உன் போன் ரொம்ப லேக் ஆவுது. நீ வேணாம்டா" என்றான்.

என் இடத்துக்கு வந்தவன்தான் திருப்பூர்க்காரன். அவனும் எங்களைப் போலக் கல்லூரியில் படிக்கிறவன் என்பதைத் தவிர ஆரம்பத்தில் எனக்கு வேறெதுவும் தெரியாது. குரல் மட்டும் தெரியும். வகுப்பு இல்லாத நேரங்களில் மரத்தடியில் உட்கார்ந்து இவன் ஆடும்போது, காதிலிருந்து கழற்றிவிட்டால் போன் வழியாக அந்தக் குரல் வெளியே கேட்கும். "நீ லெஃப்ட்ல போ, நான் கவர் பண்றேன். பயப்படாத, நான் இருக்கேன்." ராணுவ அதிகாரி மாதிரி ஒரு குரல். "நான் இருக்கேன்" என்று அது சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் ஒருத்தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே.

கொஞ்ச நாளில் என் நண்பன் வண்டியிலும் ஆட ஆரம்பித்தான். என் முதுகில் இரண்டு கையையும் முட்டுக்கொடுத்துப் போனைப் பிடித்துக்கொள்வான். கரிக்கலாம்பாக்கம் தாண்டும்போது பின்னால் சிரிப்பான். நான் சொன்னதற்குத்தான் சிரிக்கிறான் என்று நினைத்து நானும் சிரிப்பேன். "உன்ன சொல்லலடா, இவன் இன்னாவோ சொல்றான்" என்பான். என் வண்டி, என் பெட்ரோல், என் முதுகு, பேச்சு மட்டும் வேறொருவனோடு. பள்ளத்தில் வண்டி குதித்தால் அந்தப் பக்கம் இருப்பவனிடம், "ரோடு சரியில்ல மச்சி" என்று மன்னிப்புக் கேட்பான். அந்த 'மச்சி' அதுவரை என் ஒருவனுக்கு மட்டுமே இருந்தது.

அவன் வகுப்பில் தூங்க ஆரம்பித்தான். பிறகு வகுப்புக்கே வராமல் தூங்கினான். காலையில் நான் போய் ஹாரன் அடித்தால் அவன் அம்மாதான் வெளியே வருவார். வயல்வேலைக்குப் போகிறவர், எனக்காகவே கொஞ்சம் தாமதித்து நிற்பார்.

"இன்னாடா ஆச்சு இவனுக்கு? எழுப்புனா அடிக்க வரான். நீ சொன்னா கேப்பான்டா. எங்க பேச்ச எங்க கேக்குறான்."

"சொல்றன்மா" என்பேன். நான் சொல்லியும் அவன் கேட்பதில்லை என்பதை அந்த அம்மாவிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

கடைசி வருடமான மூன்றாம் வருட முடிவில் வருகைப்பதிவு போதாது என்று அவனைத் தேர்வு எழுத விடவில்லை. அந்தச் செய்தியை நான் அவனிடமிருந்து கேட்கவில்லை. துறை வாசலில் ஒட்டியிருந்த தாளில்தான் பார்த்தேன். மரத்தடிக்கு ஓடினேன். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். போன் மடியில் இருந்தது. அதிலிருந்து அந்தக் குரல், "விடு மச்சி, அடுத்த வருசம் எழுதிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் நண்பனின் ஒரு வருடம் போய்விட்டது. எனக்கோ, அவன் முதலில் யாரிடம் அழுதான் என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

விடுமுறையில் ஒருநாள் காலை போன் செய்தான். அவன் என்னைக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"மச்சி, திருப்பூர்க்காரன் வரான்டா! விழுப்புரத்துலேர்ந்து ட்ரெயின் ஏறிட்டானாம். நீ ஸ்டேஷன் போயி கூட்டிகினு வாயேன். நான் குளிச்சி ரெடியாவுறன்."

"நீயே போவறதுதான?"

"எனக்கு ஒருமாதிரி இருக்குடா. நீ போயேன், ப்ளீஸ்."

போகும் வழியில் அவன் வீட்டில் இன்னொரு ஹெல்மெட் வாங்க நின்றேன். உள்ளே நண்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை. அவன் தாடியை மழித்துவிட்டு, தீபாவளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். எனக்காக அவன் ஒருநாளும் சட்டை மாற்றியதில்லை.

வில்லியனூர் ஸ்டேஷனில் நான் ஒரு பெரிய ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்கு ஏற்ற தோளும் மீசையும் என் மனதில் இருந்தன. கூட்டம் கலைந்த பிறகு ஒரே ஒருவன் மிஞ்சி நின்றான். மெலிந்த உடம்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பார்வை முழுக்கத் தரையில். பேச வாயெடுத்ததும் முதல் எழுத்திலேயே திக்கிக்கொண்டு நின்றான்.

"நீ... நீங்கதானுங்களா வண்டிக்காரரு?"

விளையாட்டில் அவன் திக்கி நான் கேட்டதே இல்லை. இவன் வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். 'வண்டிக்காரர்' என்று என்னைச் சொன்னது எரிச்சலாகவும் இருந்தது. அவன் பைக்குள் கைவிட்டு ஒரு பனியன் சட்டையை எடுத்து நீட்டினான். படிப்புக்கு நடுவே ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறானாம். என் நண்பனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொண்டுவந்திருந்தான்.

"எனக்கு எதுக்குங்க? சைஸே தெரியாம..."

"சை... சைஸ் அவன்தானுங்க சொன்னான். பாகூர் ஏரிய நீங்க அக்கரை வரைக்கும் நீந்துவீங்களாமா? அதையும் சொன்னானுங்க."

நான் வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் அவன் என்னைத் தொடாமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளியே உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் அவர்கள் இருவரும் சந்தித்துக்கொண்டதை நான் என்றும் மறக்க மாட்டேன். "வா மச்சி" என்றான் இவன். "ம்" என்றான் அவன். அவ்வளவுதான். எத்தனையோ சண்டைகளில் ஒருவருக்காக ஒருவர் செத்தவர்கள், எதிரெதிரே நாற்காலி போட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டில் நான்தான் பேசினேன். திருப்பூரைப் பற்றிக் கேட்டேன், நண்டை உடைத்துக் காட்டினேன், இவனுடைய பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னேன். "நீயாவது பேசுறியே" என்று இவன் அம்மா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அந்தக் கொஞ்ச நேரம் நான் ராஜா மாதிரி இருந்தேன். இனி இவனுக்கு இந்த ஆள் சலித்துப்போவான் என்று நிச்சயமாக நம்பினேன்.

வெயில் சாய்ந்ததும் கடல் பார்க்க வேண்டும் என்றான் விருந்தாளி. இவன் சித்தப்பாவின் ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பூரணாங்குப்பம் போனோம். சவுக்குத் தோப்பு நிழலில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு கைப்பிடி மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தோம். பிறகு இவன் மெதுவாக, "ஒரு மேட்ச் போடலாமா?" என்றான். அவன் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் போனை எடுத்தார்கள்.

அந்தக் குரல் திரும்பி வந்தது. திக்கல் இல்லை, தயக்கம் இல்லை. "நீ மேல ஏறு, நான் பாத்துக்கறேன்!" மணலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சிரித்தார்கள், கத்தினார்கள். ஜெயித்ததும் இவன் அவனைக் கட்டிப்பிடித்து மணலில் உருண்டான். நான் மூன்று ஜோடி செருப்புக்குக் காவல் இருந்தேன். நேருக்கு நேர் பேசத் தெரியாத ஒருவனிடம் தோற்றுப்போனது எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது. அவனிடம் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

திருப்பூர்க்காரன் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். தன் போனை என்னிடம் நீட்டினான். "நீ... நீங்க ஒரு ரவுண்டு ஆடுங்க. என் போன் நிக்காதுங்க."

"எனக்கு இதெல்லாம் புடிக்காதுங்க" என்றேன்.

அடுத்த வருடம் என் நண்பன் தேர்வு எழுதித் தேறினான். நான் அதற்குள் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். திருப்பூர்க்காரனுக்கும் படிப்பு முடிந்தது. கம்பெனியில் முழுநேர வேலை, எப்போதும் ஷிப்ட். முதலில் வாரத்துக்கு ஒருமுறை விளையாட்டுக்குள் வந்தான், பிறகு வருவதே இல்லை. அவன் எண்ணும் மாறிவிட்டது. இவன் பழைய எண்ணுக்கு அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அந்த விளையாட்டையே போனிலிருந்து எடுத்துவிட்டான். இவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லித்தான்டா வுட்டான்" என்றார். நான் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நண்பனே என் வீட்டுக்கு வந்தான். ஏரிக்கரைக்குப் போனோம். பல வருடங்களுக்குப் பிறகு அவன் கையில் போன் இல்லை, காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. நான் ஆசைப்பட்டபடியே அவன் முழுசாக என்னிடம் இருந்தான். வேலையில் நடந்த ஒரு வேடிக்கையை அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான், சிரித்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்.

"இதுக்கு அவன் இருந்தா இன்னா சொல்லியிருப்பான் தெரியுமா?"

அவன் கண் கலங்கியிருந்தது. நான் சேதராப்பட்டில் வேலைக்குப் போன முதல் மாதம், ஒருநாளாவது எனக்காக இப்படிக் கலங்கியிருப்பானா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"இன்னா சொல்லியிருப்பான்?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். இருட்டும்வரை திருப்பூர்க்காரனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.