எல்லாக் கடைகளுக்கும் ஒரே பூட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். திருப்பூரில் முதலிபாளையம் போகும் வழியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, சின்னச் சின்னத் துணி வியாபாரிகளுக்கு இணையத்தில் கடை அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்றும் அதே வேலைதான். அன்றிருந்த தெம்புதான் இல்லை.

கடை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி இணைய முகவரி. ஆனால் எல்லாமே நான் வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில் இருந்தன. எங்கள் ஊரில் ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக லைன் வீடுகள் இருக்குமே, அந்த மாதிரி. கதவு தனித்தனி, தண்ணீர் மோட்டார் ஒன்று. சின்ன வியாபாரிக்கு இதை விட்டால் கட்டுப்படியாகாது.

அதில் ஒரு கடை, தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண்ணுடையது. பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே குழந்தைகளுக்கு ஃப்ராக் தைத்து விற்க ஆரம்பித்திருந்தார். கடைக்கு மகளின் செல்லப் பெயர். அந்தப் பெயர் வரும் கடை முகவரியையே குட்டி லேபிளாக அடித்து, ஒவ்வொரு ஃப்ராக்கின் கழுத்திலும் வைத்துத் தைத்திருந்தார். இந்தத் தீபாவளிக்கு வியாபாரம் ஓடிவிட்டால் இனி கம்பெனிப் பக்கமே போக வேண்டாம் என்று அவ்வளவு நம்பிக்கை. வீட்டில் காலை நீட்டிப் படுக்க இடமில்லாமல் ஃப்ராக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

இன்னொரு கடை, எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணிகளை விற்கும் உள்ளூர்ப் பெரியவருடையது. வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சிய டி-ஷர்ட்டுகளை லேபிளை வெட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும். அவர் வெட்டாமல், லேபிள் பளிச்சென்று தெரியப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். அந்த வெளிநாட்டுக் கம்பெனி புகார் செய்ய, சர்வர் கம்பெனியிலிருந்து எனக்கு எச்சரிக்கை வந்தது. உடனே படங்களை எடுத்துவிட்டு அவரிடம் ஓடினேன்.

"ஏனுங்க தம்பி, இதெல்லாம் நம்மாளுங்க தெச்ச துணி தானுங்களே? நாம வித்தா அவிங்களுக்கு என்னங்க வலிக்குது? லேபிள வெட்டுனா எவனுங்க நம்பி வாங்குவான்?" என்றார். கோபத்தை அடக்கிக்கொண்டேன். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு வந்தேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு லாட் துணி மிஞ்சினால் அது ஒருவர் கையோடு நிற்காது. நாலைந்து பேர் பிரித்துக்கொள்வார்கள், படமும் வாட்ஸ்அப்பில் கூடவே போய்விடும். என் சர்வரிலேயே இருந்த வேறு இரண்டு கடைக்காரர்கள் அந்த லாட்டில் பங்கு வாங்கி, அதே படங்களைப் போட்டிருக்கிறார்கள். எங்கோ உட்கார்ந்து பார்க்கும் சர்வர் கம்பெனிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே சர்வர், ஒரே படங்கள், வேறு வேறு பெயர்கள். ஒரே ஆள் பெயரை மாற்றி மாற்றி ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டி, என் சர்வரில் இருந்த கடைகள் மொத்தத்தையும் பூட்டிவிட்டார்கள்.

முதல் போன் அந்தப் பெண்ணிடமிருந்துதான் வந்தது. "அண்ணே, எங் கடை தொறக்க மாட்டேங்கு. என்னன்னு பாருங்களேன்."

விஷயத்தைச் சொன்னேன். "நான் அந்தத் துணியத் தொட்டதுகூட இல்லையே. இதெல்லாம் நானே தச்சதுன்னு அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

சொன்னேன். எழுதி எழுதிச் சொன்னேன். அச்சடித்த மாதிரி ஒரே பதில்தான், பரிசீலனையில் இருக்கிறதாம். அவர் கடையை மட்டும் வேறு சர்வருக்கு மாற்றலாம் என்றால், கடைகளின் முகவரிகளையும் அதே கம்பெனியில், அதே கணக்கில்தான் வாங்கியிருந்தேன். அவையும் பூட்டுக்குள் போய்விட்டன. புதுப் பெயரில் கடை போட்டுத் தருகிறேன் என்றேன். "எல்லாத்துலயும் கழுத்துல பழைய பேருல்லா இருக்கு" என்றார். ஊரே கடைவீதியில் தீபாவளித் துணி எடுத்துக்கொண்டிருந்தது. நான் கம்ப்யூட்டர் முன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கையாலாகாதவனாக நான் என்றுமே இருந்ததில்லை.

தீபாவளி முடிந்த பிறகு திறந்துவிட்டார்கள். ஒரு வருத்தமும் சொல்லவில்லை. போனில் சொல்ல மனம் வராமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனேன்.

ஃப்ராக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, பிசிறு வெட்டும் கத்திரியால் கழுத்து லேபிளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கிலோ கணக்கில், அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்ள அந்தப் பெரியவரே சம்மதித்திருந்தாராம். ஒரே நிபந்தனை, லேபிள் இருக்கக் கூடாது. பட்ட பாட்டில் பெரியவர் இதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்.

"கடை தொறந்தாச்சும்மா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "நாளையிலேருந்து கம்பெனிக்கு வரச் சொல்லிட்டாங்கண்ணே. நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பக்கத்தில் இன்னொரு கத்திரி கிடந்தது. நானும் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன்.

இப்போதெல்லாம் முகவரியை அவரவர் பெயரிலேயே, அவரவர் கணக்கிலேயே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் புதுச் சட்டை போடும்போது கழுத்தில் லேபிள் உறுத்தினாலும் அதை வெட்ட எனக்குக் கை வருவதில்லை. மகளின் பெயரைத் தன் கையாலேயே வெட்டிப் போட்ட அந்தத் தாயின் முகம் வந்து நின்றுவிடுகிறது.