மண்ணெண்ணெய்க் காரும் மச்சாளும்

முன்கண்ணாடி முழுவதையும் மறைத்துக்கொண்டு எழுந்து நின்ற எஞ்சின் மூடியை, அந்தப் பொனற்றைத்தான் முதலில் நினைக்கிறேன். முள்ளிக்குளத்திலிருந்து முருங்கன் ஆசுபத்திரிக்குப் போகும் பாதையில், மதிய வெயிலில், ஆவி கக்கிக்கொண்டு கார் நின்றுவிட்டது. பின்சீற்றில் தலைப்பிரசவ வலியோடு நான். என் தலையை மடியில் ஏந்தியபடி அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் கடலுக்குப் போயிருந்தார். கார் ஓட்டி வந்தவர் அவருடைய அக்கா, என் மச்சாள். கலியாணம் முடிந்த நாளிலிருந்து என்னோடு நாலு சொல்லுக்கு மேல் பேசாதவர்.

அது பெற்றோல் கிடைக்காத காலம். மாமாவின் பழைய வாடகைக் காரை மச்சாள் மண்ணெண்ணெயில் ஓட்டினார். மண்ணெண்ணெயில் ஓடினால் எஞ்சின் டக்டக்கென்று தட்டும். அதனால் நெருப்புப் பொறி சற்றுப் பிந்தி விழும்படி டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி வைத்திருந்தார். இழுவைக்கேற்பப் பொறியை முந்த வைக்கும் சிறு றப்பர் குழாயையும் கழற்றி அடைத்திருந்தார். அன்று எங்கள் பங்குக் கோயில் சுவாமியார் அவசரத்துக்கென்று வைத்திருந்த பெற்றோலைத் தந்தார். மண்ணெண்ணெயை வடித்துவிட்டு அதை ஊற்றிய மச்சாள், பதற்றத்தில் பொறியைப் பழையபடி முந்த வைக்க மறந்துபோனார். மணல் பாதையில் கார் இழுக்கவில்லை, கொதித்துப் போயிற்று.

"கார் பழுதாப் போச்சோ, மச்சாள்?" என்றேன்.

"காரிலை பிழையில்லை. என்ரை அவசரம். கொஞ்சம் ஆறட்டும்."

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தது ஒரு யுகம். எங்கள் குடிதண்ணீரையெல்லாம் றேடியேற்றரில் ஊற்றி, மறுபடி ஸ்ராட் பண்ணினார். எஞ்சின் சோம்பலாக முனகியது. எனக்கு வலி ஓங்கியது.

"நான் செத்துப்போவனோ?"

"விசர்க் கதை கதையாதை. மூச்சை இழுத்து விடு. நான் இதைத் திருப்பிறன்."

டிஸ்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியிருக்கிறார். எனக்குக் கேட்டது சத்தம் மட்டும். முனகல் மெல்ல மெல்லத் தெளிந்து, உயர்ந்து, ஓரிடத்தில் சீராயிற்று. வெடித்திருந்த றப்பர் குழாயின் நுனியை வெட்டி எறிந்து, மீதியைச் செருகினாராம். பொனற் இறங்கியது. சற்றுத் தூரம் ஓடியதும் கார் தட்டியது; இறங்கி டிஸ்ரிபியூட்டரை ஒரு துளி பின்னுக்குத் திருப்பினார். அதன் பிறகு அது நிற்கவே இல்லை.

ஆசுபத்திரி வாசலைத் தாண்டி அதிக நேரமில்லை, மகள் பிறந்துவிட்டாள். இப்போது அவள் பிள்ளைகளோடு அதே பாதையால் வருகிறாள். தார் போட்ட வீதி, கண்மூடித் திறப்பதற்குள் முருங்கன்.

அன்று பின்னேரம் மச்சாள் என் கட்டிலருகே வந்தார். கைகளைத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்புப் போகவில்லை. பிள்ளையைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"பெட்டையோ?"

"ஓம், மச்சாள். தூக்குங்கோ."

அவர் தூக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்த பிறகுதான் சொன்னார்:

"கார் திரும்ப எழும்பாது எண்டுதான் நினைச்சனான். உன்ரை சத்தம் கேட்கக் கேட்க என்ரை கை நடுங்கினது. பொனற் மறைச்சிருந்தபடியால் நீ காணேல்லை."

பிறகு கை நீட்டிப் பிள்ளையை வாங்கினார்.