அத்தானின் சத்தம்

இன்று காலை என் மடிக்கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தது. பார்த்தால், வலது கீழ் மூலையில் எப்போதும் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைக் காணவில்லை. பெரிய விஷயமில்லை, ஒருமுறை அணைத்துப் போட்டதும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதுவரை நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் படம் மறைந்ததற்கு இவ்வளவு பயமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சொல்கிறேன், பிறகு சிரியுங்கள்.

கேரளத்தின் தென்னெல்லையில், பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், பெருவழியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அக்கா, அத்தான், நான் என்று மூன்று பேர். அத்தான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரே தவிர, சத்தத்தைக் கொடுக்கவில்லை. அக்காவிடம் தண்ணீர் கேட்டால் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். என் பைத்தியம் வேறு. வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை எந்த நாளில் தொடங்கியது, நெய்யாறு எந்த நாளில் கரை ஏறியது, கரண்டு எத்தனை மணிக்குப் போனது என்று எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதி வைப்பேன். அதைத் தட்டச்சு செய்வதற்குத்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கினேன். அக்கா அதற்கு ஓர் உறை தைத்து, உள்ளே பாச்சை உருண்டை போட்டு வைப்பாள். இன்றும் எந்த வீட்டிலாவது பீரோவைத் திறந்து அந்த மணம் வந்தால், துணிமணிக்குப் பதிலாக எனக்கு அத்தானின் சத்தம்தான் ஞாபகம் வரும்.

அவர்களுடைய ஒரே மகன் வினு அப்போது ஷார்ஜாவில் இருந்தான். அவன் ஒரு மைக் அனுப்பினான். பேசிப் பதிவு செய்து மின்னஞ்சலில் அனுப்ப நானே அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நானே வரவழைத்துக்கொண்ட வினை. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் என் நாற்காலியில் அவர்தான்.

"மக்கா, கேக்குதா? அப்பாவாக்கும். இங்க நல்ல மழை உண்டு. நம்ம வருக்கைப் பிலா காய்ச்சுக் குலுங்குது. பூவாறுல இருந்து மீன்காரி ரெண்டு நாளா வரல்ல. உங்கம்ம மொகத்தப் பாக்க முடியல்ல."

அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள்: "எதுக்கு இந்தக் கத்து? மைக்கு இல்லாமலே அவனுக்குக் கேக்கும்."

"நீ சும்மா இரி. தூரம் கொஞ்சமா?"

நான் பக்கத்து அறையில் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம், கம்ப்யூட்டரில் கருவிகளின் பட்டியலைத் திறந்து, ஒலிக்கான வரியைச் செயலிழக்கச் செய்தேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மூலையில் இருந்த ஒலிபெருக்கிப் படம் மறைந்தது.

"அத்தான், சவுண்ட் கார்டு போச்சு. இந்த மாடல் இனி கிட்டாது" என்றேன் அவர் வந்ததும்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போட்டும், விடு" என்றார். பிறகு மைக்கைத் தொடவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை போட்டார்கள். அதன்பிறகு அவர் பேச்செல்லாம் சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டில்தான். நான் ஆசைப்பட்ட அமைதி வீட்டுக்கு வந்தது. என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

ஓர் ஓணத்துக்கு மறுநாள் அக்கா சொன்னாள்: "எலே, அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இவரு பேசினது கெடக்கும் இல்லியா? எனக்கு ஒருக்கா கேக்கணும்."

வினுவிடம் அவை இல்லை. அன்று கேட்டதோடு சரி, அந்த மின்னஞ்சல் முகவரியே இப்போது கிடையாது. அக்கா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, கமுக்கமாக நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் உதியன்குளங்கரையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷிபுவுக்குப் போன் பண்ணிவிட்டாள்.

ஷிபு வந்து கம்ப்யூட்டரை எழுப்பினார். "டேட்டும் தப்பாணல்லோ சாரே" என்று சிரித்தார். நாள் தப்பு என்று என்னிடமே சொன்ன முதல் மனிதர். ஒலிபெருக்கியைத் தன் போனில் செருகிப் பார்த்தார், பாடியது. பிறகு கருவிகளின் பட்டியலைத் திறந்தார். ஒலிக்கான வரியின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"கேடு ஒந்நும் இல்ல சாரே. இது ஆரோ மனப்பூர்வம் ஓஃப் ஆக்கியதாணு."

எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இப்படி ஒரு சங்கடம் உண்டு. மலையாளத்தில் மனப்பூர்வம் என்றால் வேண்டுமென்றே. தமிழில் முழுமனதோடு. இந்தச் சொல்லை வைத்து நான் எத்தனையோ தடவை வேடிக்கை பேசியிருக்கிறேன். அன்று இரண்டு அர்த்தமும் சேர்ந்து என்மேல் விழுந்தன. இரண்டும் சரியாகவே இருந்தன.

"அது ஆரு ஓஃப் பண்ணினது?" என்றாள் அக்கா. அவள் பார்த்தது என்னை.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலிலிருந்து அத்தான் எழுந்து வந்து, நோட்டில் எழுதி அவளிடம் நீட்டினார்.

‘நான்தான். கை தவறிப் பட்டுப்போச்சு.’

"நல்ல ஆளு! அண்ணைக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன..." என்று தொடங்கிய அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தான் என் பக்கம் திரும்பவில்லை. கை தவறிப் பட்டிருந்தால், நிச்சயமாகவா என்ற அந்தக் கேள்விக்கு ஆம் என்றது எந்தக் கை? ‘போட்டும்’ என்று சொன்ன அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஷிபு ஒரு சொடுக்கில் சரிசெய்தார். முதலில் மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி. அது கம்ப்யூட்டரிலிருந்து வந்ததா, பக்கத்தில் நின்ற அத்தானின் கழுத்துத் துளையிலிருந்து வந்ததா என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு வீடு அதிர்ந்தது: "மக்கா, கேக்குதா? அப்பாவாக்கும்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தான் கதவைப் பிடித்தபடி, யாரோ வெளியூர்க்காரர் பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்து நின்றார். அப்போது பக்கத்து வீட்டுச் சரோஜம், கையில் மாவு காயாமல், மதிலைச் சுற்றி ஓடி வந்தாள்.

"அண்ணனுக்கு சத்தம் வந்தாச்சா? எனக்கு அங்க கேட்டுதே!"

அவள் அவருடைய வாயையே பார்த்தாள். அவர் சிரித்து, இல்லை என்று தலையசைத்தார். கம்ப்யூட்டருக்குள் அவர் பிலாக்காயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அத்தான் போய்விட்டார். நான் கடைசிவரை அவரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. பதிவுகள் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் படியெடுத்து அக்காவின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் வினுவிடம் பேச நினைத்தது அவ்வளவுதான் என்று அவள் நம்புகிறாள்.

நான் பொய் சொன்ன நாளுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் இரண்டு வருடம் இருந்தது. அப்போது அத்தானுக்குச் சத்தம் இருந்தது. சாயங்காலம்தோறும் அவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார். சிலநேரம் உதடு மட்டும் அசையும். அந்தச் சாயங்காலங்கள் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.