ஒற்றைக் கயிற்றுக்கு ஒரு ஜூமர்

மரம் வெட்டுகிற தொழிலில் மரத்தை நம்பலாம். பட்டுப்போன கிளை பட்டுப்போன மாதிரிதான் நிற்கும், பளபளப்பான கவருக்குள் வராது. சாமான் விற்கிறவர்கள் விஷயம் அப்படியில்லை. கடையில் ஏமாந்து, வீட்டில் அதை ஒத்துக்கொள்ளாமல் சமாளித்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இப்போதும் ஒத்துக்கொள்ள வேண்டாம், படித்தால் போதும்.

கேட்டிலேயே நிறுத்தினார்கள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி. ஷெட்டின் கூரைமேல் சாய்ந்து நின்ற ஒன்பது தைல மரங்களைக் கிளை கிளையாகக் கழிக்க வேண்டும். கிரேன் உள்ளே போக வழியில்லை. கயிற்றில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுகிறவன் முனிராஜ், பேரிகை ஊர்க்காரன், எட்டு வருஷமாக என்னோடு இருக்கிறான். மேலே ஒரு கிளைக் கவட்டையில் ஒற்றைக் கயிற்றைப் போட்டு, அதில் சின்னக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, முடிச்சைத் தள்ளித் தள்ளி ஏறிவிடுவான்.

அந்தக் கம்பெனி சேஃப்டி ஆபீசர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முடிச்சைப் பார்த்ததுமே பாஸ் கிடையாது என்றுவிட்டார். ஜூமர் வேண்டுமாம். கைப்பிடி வைத்த கவ்வி அது. உள்ளே பல் வைத்த ஒரு நாக்கு இருக்கும். மேலே தள்ளினால் கயிற்றில் ஓடும், கீழே இழுத்தால் கவ்வும். கைக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. எனக்கு உடனே சந்தேகம். இவருக்கு வேண்டிய கடை ஏதோ இருக்கிறது. "எந்தக் கடைன்னு நீங்களே சொல்லிடுங்க சார், ஏன் சுத்தி வளைக்கணும்?" என்றேன். அவர் கோபப்படவில்லை.

"எந்தக் கடையிலயும் வாங்குங்கண்ணே. ஆனா திங்கக்கிழமை அது இல்லாம வந்தா, வேற கான்ட்ராக்டர் வாசல்ல நிப்பாரு."

பழசு, ஆனால் கெட்டி

பஸ் பிடித்து பெங்களூரு போனேன். மார்க்கெட் சந்துக்குள் ஒருத்தன், உயரமான கட்டடங்களுக்கு பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் வாங்கியது என்று சாக்குமேல் ஜூமர்களைப் பரப்பி வைத்திருந்தான். "ஹளேது, ஆத்ரே கட்டி" என்றான். பழசு, ஆனால் கெட்டியாம். நான் பாதி விலைக்குக் கேட்டேன். சரி என்றான். அதிலும் பாதிக்குக் கேட்டேன். அதற்கும் சரி என்றான்.

நான் கேட்ட விலைக்கு ஒருத்தன் தலையாட்டினால் எனக்குத் தூக்கம் வராது. நாக்கைத் திறந்து விரலால் தடவினேன். பல்லே இல்லை, வழவழ என்று சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. "இது எப்படிய்யா கயித்தைப் பிடிக்கும்?" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் அசரவே இல்லை. என் ஊர் எதுவென்று கண்டுபிடித்தவன் போலச் சுத்தமான தமிழுக்கு மாறினான்.

"பல்லு தேஞ்சிருந்தா கயிறு கிழியாதுண்ணா, உங்களுக்கு நல்லதுதானே?"

விலை குறைக்காத பாய்

வெறுங்கையோடு ஓசூர் திரும்பினேன். அடுத்து பாகலூர் ரோட்டில் ஒரு பாய் கடை. ஹெல்மெட், கையுறை, பெல்ட் எல்லாம் வைத்திருப்பவர். புது ஜூமரை எடுத்து மேசையில் வைத்தார், விலையைச் சொன்னார், கையைக் கட்டிக்கொண்டார். அரை மணி நேரம் பேசினேன். ஒரு ரூபாய் இறங்கவில்லை. இறங்குகிறவன் திருடன் என்றால், இறங்காதவன் பெரிய திருடன் என்று பட்டது.

பிறகு கேட்டார்: "உங்க கயிறு எத்தனை எம்.எம்.?" கடைக்காரனிடம் நம்மிடம் இருப்பதைச் சொல்லவே கூடாது, இது நான் அடிபட்டுக் கற்றது. என் கயிறு பதினாலு. தடித்த கயிறென்றால் பெரிய ஜூமரைத் தலையில் கட்டுவார், சின்னக் கயிறென்றால் சின்ன ஜூமர், சின்ன விலை என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, "பதினொண்ணு" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சரிண்ணே, நீங்க சொல்ற அளவுக்குத்தான் நான் குடுக்கறேன்."

ரெண்டு ஆள் உயரத்தில்

கைக்கும் நெஞ்சுக்குமாக வாங்கிய ரெண்டுக்கும், உத்தனப்பள்ளியில் தெரிந்தவர் தோட்டத்துப் புளியமரத்தில் பரீட்சை. என் பதினாலு எம்.எம். கயிறு ஜூமருக்குள் போகவில்லை. அமுக்கித் திணித்தேன். நாக்கின் தாழ்ப்பாள் பாதியிலேயே நின்றது. "புதுசு, அப்படித்தான் இறுக்கமா இருக்கும்" என்றேன். முனிராஜ் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றான், ஏறவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "தள்ளு, நான் ஏறிக் காட்டறேன்" என்று பெல்ட்டை மாட்டினேன். அவன் என் பெல்ட்டிலிருந்து கயிற்றுக்குப் பழைய முடிச்சு ஒன்றையும் போட்டுவிட்டான். "எதுக்கு இது? என்னை நம்பலையா?" என்று திட்டினேன். "சும்மா இருக்கட்டும்ணா" என்றான்.

ரெண்டு ஆள் உயரம் போனதும் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினேன். கைப்பிடி 'டக்' என்று கயிற்றைவிட்டுத் தெறித்து வந்தது. நெஞ்சுக் கவ்வியும் கூடவே. அந்த முடிச்சு இறுகி என்னை நிறுத்தியது. இல்லையென்றால் இதை எழுத ஆள் இல்லை. அதிலேயே தொங்கினேன். முனிராஜுக்கு ரெண்டு பெண் குழந்தைகள். அவன் ஏறியிருந்தால், அதுவும் தைல மரத்து உச்சிக்கு, என்று அப்போதுதான் உறைத்தது. கீழே இறங்கி எம்.எம். பொய்யை அவனிடம் ஒத்துக்கொண்டேன். அவன் கத்தவில்லை, அது இன்னும் மோசம்.

"ஜூமரை நம்பலாம்ணா, அதை வாங்கிக்கினு வந்த ஆளைத்தான் நம்ப முடியல."

திங்கட்கிழமை

பாயிடம் திரும்பப் போனேன். தெறித்த ரெண்டையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார், தாழ்ப்பாள் வளைந்ததை வேறொருவன் தலையில் கட்ட முடியாதாம். சண்டை போட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். புது ஜூமர், அதற்கேற்ற பதினோரு எம்.எம். கயிறு, சொன்ன விலைக்கு வாங்கினேன். அவருக்கே சந்தேகம் வந்து நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கம்பெனியில் ஆபீசர் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பாஸ் போட்டார். முனிராஜ் போடவில்லை. கயிற்றைக் கவட்டையில் போட்டான், ஜூமரை மாட்டினான், தாழ்ப்பாள் மூடியதை மூன்று தடவை அழுத்திப் பார்த்தான். பிறகு பெல்ட்டை என்னிடம் நீட்டினான். அத்தனை பேர் எதிரில், வேலைக்காரன் முதலாளியை! காது சூடானது. ஆனாலும் மாட்டிக்கொண்டு தொங்கினேன். பல் கவ்வியது, ஒரு நூல் அசையவில்லை. ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். "போதுமாடா?" என்று மேலிருந்து கத்தினேன். அவன் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னான்:

"இன்னும் அஞ்சு நிமிஷம் தொங்குங்கண்ணா. நீங்க கோவத்துல எவ்ளோ வெயிட்டுன்னு அதுக்கும் தெரியட்டும்."

அன்று சாயங்காலத்துக்குள் அவன் மூன்று மரம் ஏறி இறங்கினான். இருபது வருஷமாக ஊரிலுள்ள எல்லாக் கடைக்காரனையும் சந்தேகப்பட்ட நானோ, கயிற்றளவில் பொய் சொன்ன ஆளை, என்னையேதான், கூடவே கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.