அப்பாவின் ஜெபத்தில் என் பேர்

அப்பா என்னை ஒருநாளும் திட்டியதில்லை. ஆண்டவரிடம் சொல்லிக்கொடுப்பார், அவ்வளவுதான். சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்து நாலு பேரும் முழங்காலில் நின்றதும் என்னைப் பற்றிய புகார்கள் மேலே போக ஆரம்பிக்கும். இந்தப் பிள்ளை அம்மாவை எதிர்த்துப் பேசுகிறது, இந்தப் பிள்ளைக்குப் படிப்பில் கவனமில்லை, இந்தப் பிள்ளையின் இருதயத்தை நீர் தொடும். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது குறுக்கே பேச முடியுமா? அம்மா அங்கங்கே 'ஸ்தோத்திரம்' போடுவார். கடைசியில் நானும் 'ஆமென்' சொல்லியாக வேண்டும். என் மேல் போட்ட வழக்கில் நானே சாட்சிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கும்.

அப்பா குவைத்துக்குப் போனபோது நான் கைக்குழந்தை. லீவில் வந்து போன அப்பாவை எனக்குப் பழக்கம். அவர் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார். ஒரேயடியாகத் திரும்பி வந்து, மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சம்பா போட்ட அப்பாவை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என்னை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவார். நான் எதிரில் வந்தால் தொண்டையைக் கனைத்துவிட்டு, 'புள்ள சாப்புட்டுச்சா?' என்று அம்மாவிடம் கேட்பார். அவர் என் பக்கம் பார்ப்பது தெரிந்தால் நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பதினைந்து வயதில் யார் பார்த்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றால் அழுகை வந்தது. நாலு பேர் இருந்த வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை.

எனக்கென்று இருந்தது பூப்பந்து ஒன்றுதான். பள்ளிக்கூட டீமில் ஐந்து பேரில் நானும் ஒருத்தி. அந்த வருஷம் தஞ்சாவூரில் பெரிய போட்டிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போட்டி ஞாயிற்றுக்கிழமை. விஷயம் அம்மா வழியாக அப்பாவுக்குப் போயிற்று. பதில் அன்று சாயங்காலம் ஜெபம் வழியாக வந்தது.

'ஓய்வுநாள்ல பந்து விளையாடப் போற எண்ணத்த இந்தப் பிள்ளை மனசுலேருந்து எடுத்துப் போடும் ஆண்டவரே.'

அம்மா ஸ்தோத்திரம் சொன்னார். நான் ஆமென் சொல்லவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் போதகர், வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு என்று ஆராதனை முடிந்ததும் ஒரு கூட்டம் வைத்தார். வெளியூரிலிருந்து ஓர் அம்மையார் வந்து பேசினாராம். வீட்டில் நம்முடைய புத்திமதியைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள் என்றாராம். அப்பா சொன்னதைச் சொன்னபடி செய்பவர். யூரியா மூட்டையில் போட்டிருக்கிற அளவைக்கூட மீறமாட்டார். அன்றைக்கே செயலில் இறங்கிவிட்டார். உன் மனதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். அது அவருக்கு வரவில்லை. 'இன்னைக்கு புள்ளைங்க ஜெபிக்கட்டும்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி முந்திக்கொண்டு சைக்கிள் கேட்டான், நிறத்தோடு. அடுத்தது என் முறை. அப்பாவிடம் பேசத்தான் எனக்குத் தெரியாது, ஆண்டவரிடம் எப்படிப் பேசுவதென்று அவரிடமே கற்றிருந்தேன்.

'ஆண்டவரே, நான் போகலைன்னா டீம்ல ஆள் குறையும். இத அப்பாகிட்ட நீர்தான் சொல்லணும். அவர் என்கிட்ட பேச மாட்டாரு. ஊருக்கு வந்ததுலேருந்து என் பேரச் சொல்லிக்கூட கூப்புடல.'

யாரும் ஆமென் சொல்லவில்லை. அம்மாதான் எழுந்து பாயைச் சுருட்டினார்.

மறுநாள் காலையில் அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, 'டீச்சரும் கூட வர்றாங்களான்னு அப்பா கேக்கச் சொன்னாரு' என்றார். வருகிறார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அனுமதி கிடைத்த விதம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் மைதானத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு அம்மாவோ அண்ணனோ யாராவது வந்திருந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தின் கடைசிப் பந்தை எட்டி அடிக்க ஓடி விழுந்தேன். பந்தை எடுத்துவிட்டேன், ஆனாலும் தோற்றோம். எழுந்து சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாவாடையால் முட்டியை மறைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து காயத்தை யாரிடமும் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றபோது முட்டி எரிச்சலில் உயிர் போயிற்று. அப்பா தொண்டையைக் கனைத்தார்.

'நான் இன்னைக்கு ஆராதனைக்குப் போகல ஆண்டவரே, மன்னியும்.'

அம்மாவின் ஸ்தோத்திரம் பாதியில் நின்றது. வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வருகிறேன், முன்னால் போங்கள் என்று காலையில் அப்பா சொல்லியிருக்கிறார். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர் வந்து உட்கார்ந்திருப்பார் என்றே அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அப்பா என் பேரைச் சொன்னார். சொல்லிப் பழகாததால் கொஞ்சம் தடுக்கியது.

'கடைசிப் பந்த ஓடிப் போயி எடுத்தா. விழுந்துட்டா. எழுந்து, நம்ம ஆள் யாராச்சும் இருக்காங்களான்னு பாத்தா ஆண்டவரே. நான் காம்பவுண்டுக்கு வெளியில நின்னேன். கையத் தூக்கிருக்கலாம். தூக்க வரல. அந்த முட்டிக் காயத்த ஆத்தும்.'

என்னால் கண்ணை மூடியிருக்க முடியவில்லை. திறந்தேன்.

அம்மாவும் தம்பியும் கண்ணை மூடியிருந்தார்கள். அப்பா மூடவில்லை. கைகளைக் கூப்பியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபத்தின் நடுவே கண் திறந்து மாட்டிக்கொண்டோம், நாளைக்கு இதுவும் ஆண்டவரிடம் போகும் என்று பயந்து சட்டென்று மூடிக்கொண்டேன். அவர் கண் ஏன் திறந்திருந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் அது திறந்தேதான் இருந்திருக்க வேண்டும் என்பதும் அன்றைக்கு எனக்கு எட்டவில்லை. அந்த வீட்டில் நான் அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாத நேரம் ஜெப நேரம் ஒன்றுதான்.